விசிலடிக்கப் பழகுகிறேன்

மார்ச் 4
லிஃப்ட் கம்பெனியில் எனக்கு என்ன வேலை? பாதியில் சிக்கிக்கொண்டவர்கள் போன் செய்து திட்டினால் கேட்டுக்கொள்வது. வீட்டில் நேர்மாறு. பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சுப் பயிற்சி தர வருகிற அம்மாளைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார். இன்று அந்த அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அவர விடுங்க, உங்க மூஞ்சியப் பாருங்க. மனசுக்குப் புடிச்சதா ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்குங்க. சின்னதா, கைக்கு அடங்குறதா."

மூஞ்சிக்கு என்னவாம்?

மார்ச் 9
துண்டு துண்டாகச் சேர்க்கிற படம் ஒன்று வாங்கினேன். முக்கால்வாசி வானம். எல்லாத் துண்டும் ஒரே நீலம். இதற்கு ஆபீஸே தேவலை.

மார்ச் 12
எம்பிராய்டரி. ரோஜாப்பூ போட்டேன். கூடவே இருக்கிற நாத்தனார் எட்டிப் பார்த்து, "முட்டைக்கோஸ் அழகா வந்திருக்கு அண்ணி" என்றாள்.

மார்ச் 15
விசில்! சின்ன வயதிலிருந்தே ஆசை. இடம் அடைக்காது, ஊசி குத்தாது. பாத்திரம் கழுவிக்கொண்டே பழகலாம். இப்போதைக்கு வெறும் காற்றுதான் வருகிறது.

மார்ச் 21
வந்துவிட்டது! ஒரே ஒரு கீச்சு. உள்ளேயிருந்து நாத்தனார் கத்தினாள்: "அண்ணி, குக்கர எறக்குங்க!"

மார்ச் 30
அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். எனக்கு மட்டும் என்ன கல்லு மனசா? போய்யா, நீயும் உன் கோவமும்... அழுதுகொண்டே தரையைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே விசிலடித்தேன், வீம்புக்கு.

ஏப்ரல் 6
அவர் சவரம் செய்யும்போது முன்பெல்லாம் முணுமுணுக்கும் மெட்டு ஒன்று உண்டு. அதை அடித்துப் பார்த்தேன். ஓர் இடத்தில் சறுக்கிக்கொண்டே இருந்தது.

கட்டிலிலிருந்து: "த...ப்பு."

கட்டிலருகே ஓடினேன். "என்னங்க?"

"தப்பு." இன்னும் தெளிவாக, இன்னும் எரிச்சலாக.

அவர் குறை சொல்லி நான் இப்படிப் பூரித்துப்போனது இதுதான் முதல் தடவை. கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு, வேண்டுமென்றே மறுபடியும் தப்பாக அடித்தேன். மறுபடியும் திட்டினார். ஆஹா!

ஏப்ரல் 17
பயிற்சிக்கு மறுக்காமல் உட்கார்ந்தார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்: "டீ... சக்கர... பத்தல."

நாத்தனார் சிரித்தாள். "அண்ணனுக்குப் பேச்சு வந்துருச்சு. உங்க நிம்மதி போச்சு அண்ணி!"

மே 11
விசில் பழகவே நேரமில்லை. ஜன்னல் திரையைத் துவைக்கணுமா வேண்டாமா என்று காலையிலிருந்து அவரோடு வாக்குவாதம். கடைசியில் நான்தான் முதலில் வாயை மூடினேன்.