உதட்டுக் கொப்புளம்

உன் அக்கா வீட்டில் இருக்கும் உனக்கு,

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். உன் துணிகளை மடித்து வைத்துவிட்டேன். இதைச் சொல்லவா கடிதம் என்று கேட்பாய்.

உனக்குக் கீழே வந்த புண் ஹெர்பிஸ் என்று தெரிந்த அன்று, "யார்கிட்டேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "தெரியலங்க" என்றாய். கல்யாணத்துக்கு முன் எடுத்த என் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து உன் முன் போட்டேன். அதில் ஹெர்பிஸ் டெஸ்டே இல்லை. எங்கள் லேபில் தனியாகக் கேட்டால்தான் அதைச் செய்வோம். பத்து வருடமாக ஊரார் ரத்தத்தை எடுக்கிற எனக்கு இது தெரியாதா?

போன வாரம் அதற்கும் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது, உனக்கிருக்கும் அதே வகை. எப்போது வந்தது என்று டெஸ்ட் சொல்லாதாம்.

"உதட்டுல கொப்புளம் வருமா?" என்றார் டாக்டர்.

"சின்ன வயசுலேர்ந்து வரும். உடம்புச் சூடு டாக்டர்."

"சூடு இல்ல, இதுதான் அது. வாயிலேர்ந்து கீழயும் பரவும். சில சமயம் கொப்புளம் இல்லாதப்பவும்."

அன்று உன்னிடம் அப்படிக் கேட்டபோது, என் உதட்டில் நீ காலையில் தடவிவிட்ட களிம்பு இன்னும் காயவில்லை.

இப்படிக்கு,
உனக்குக் கொடுத்தவன்