பெயருக்குக் கீழே பஸ் இலக்கம்

நேற்று லண்டன் ஸ்ட்ரட்போர்டில் 262 பஸ்ஸில் ஏறி மேல்தட்டுக்குப் போனபோது அந்த மணம் வந்தது. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளும், யாரோ மடியில் வைத்துத் தின்னும் சிப்ஸின் வினாகிரியும் சேர்ந்த மணம். லூயிஷாமுக்குக் குடிபோனபின் இந்தப் பஸ்ஸில் ஏற எனக்கு வேலையே இருந்ததில்லை. மூக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை. முன்கண்ணாடி ஓரத்து இருக்கையில் நீ காலை நீட்டிக்கொண்டு இருப்பாய் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உன் முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் திரும்ப நினைவுக்கு வந்தது.

உன்னிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நான் விடாமல் கேட்டேன், நீ விடாமல் மழுப்பினாய். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்றும் கேட்டேன். "உனக்கு விடுப்பு வம்பு கேக்காட்டிச் சோறு செமிக்காது" என்று சிரித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாய். எனக்குக் கோபம் வந்தது. நோயில் கிடக்கிறவளோடு கோபிக்கிறேனே என்று என்மேலும் கோபம் வந்தது.

அந்த ஒக்டோபரில் நாங்கள் இருவரும் இரண்டாம் வருடம். எண்பதுகளின் கடைசி. கல்லூரித் தமிழ்ச் சங்கத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை வரவேற்பது எப்படி என்று கன்டீனுக்குப் பக்கத்து அறையில் கூட்டம் நடந்தது. தலைவர் நல்ல மனிதர். ஆனால் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சில மாதம் படித்து, அங்கே சீனியர்களிடம் பகிடிவதை வாங்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். வாங்கியதை யாருக்காவது கொடுக்காமல் அவருக்கு மனம் ஆறவில்லை.

"பகிடிவதை இல்லாமல் ஆர் ஒட்டினவை? ஒருக்காக் கதிரையிலை ஏத்தி விட்டாத்தான் பிறகு அண்ணை தம்பி எண்டு பழகுவினம்" என்றார்.

"ஊரிலை எண்டால் வதை முடிய வீட்டை போகலாம். இஞ்சை இந்த அறையை விட்டா அதுகள் எங்கை போறது?" என்றாய் நீ.

வாக்கெடுப்பில் நீ தோற்றாய். கதிரை மட்டும் போதும், ஏறி நின்று தங்களை அறிமுகப்படுத்தட்டும், வேறு சேட்டை வேண்டாம் என்று முடிவாயிற்று. அதில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் நானும் கை உயர்த்தினேன்.

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஏறிய பெடியனை உனக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. நாடி வரைக்கும் ஸிப் இழுத்த நீல ஜாக்கெட். பெயர் சொன்னான். "ஊரிலை எவ்விடம்?" என்றார் தலைவர். ஒரு பெரிய ஊரின் பெயரைச் சொன்னான். "அதுக்குள்ளை எவ்விடம்? எந்தக் கோயிலடி?" என்றார். பெடியன் ஸிப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டான். நம்மவர்கள் வழி விசாரிக்க இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஊர், குறிச்சி, கோயில் என்று படிப்படியாக இறங்கினால் ஆள் என்ன சாதி என்பது கைக்கு வந்துவிடும். தலைவர் அந்த நினைப்போடு கேட்டிருக்க மாட்டார், வாய்ப்பழக்கம். ஆனால் அறையில் இருந்த எல்லோரும் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். என் காதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவன் கதிரையால் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நீ கோட்டைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினாய்.

நான் ஜன்னலடிக்குப் போய்விட்டேன். மழை. பஸ் தரிப்பில் நீங்கள் இரண்டு பேரும் நின்றீர்கள். நீ கதைத்தாய், அவன் நிலத்தைப் பார்த்தான். ஒரு பஸ் வந்தது, அவன் ஏறவில்லை. அடுத்ததையும் விட்டான். பிறகு தலையை நிமிர்த்தி உன்னைப் பார்த்தான். அதற்கடுத்த பஸ்ஸில் இரண்டு பேருமாக ஏறிப் போனீர்கள். அவனிடம் என்ன சொன்னாய்? இதுதான் என் கேள்வி.

அடுத்த கிழமை அவன் வந்தான். நீ ஒரு கட்டு வெள்ளை ஸ்டிக்கரோடு வந்தாய். ஒவ்வொருவர் நெஞ்சிலும் பெயரை எழுதி ஒட்டினாய், பெயருக்குக் கீழே அவர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸின் இலக்கம். நம்மைப்போல் 262காரர் இந்த மூலை, 86காரர் அந்த மூலை. இது என்ன கூத்து என்று தலைவர் கேட்டார். "மொட்டைத்தலை வெள்ளையங்கள் பஸ் ஸ்டொப்பிலை நிண்டு அடிக்கிறாங்கள். ஆர் ஆரோடை போறதெண்டு தெரிய வேணுமெல்லே" என்றாய். போன மாதம்தான் நம் பெடியன் ஒருவனின் மூக்கை உடைத்திருந்தார்கள். தலைவரும் தன் 86ஐ ஒட்டிக்கொண்டார்.

கதிரையையும் நீ எடுத்துவிட்டாய். இனிப் புதிதாக வந்தவர்கள் கேட்கட்டும், நாங்கள் பதில் சொல்வோம் என்றாய். டொக்டரிடம் எப்படிப் பதிகிறது, விசா விஷயமாக ஹோம் ஒபிஸுக்குப் போகும்போது யாரைக் கூட்டிப்போகிறது என்றெல்லாம் கேட்டார்கள். பிளேஸ்டோவில் மாமா வீட்டில் தங்கியிருந்த ஒரு பிள்ளை மட்டும், "அக்கா, இஞ்சை அழுறதுக்கு எங்கை போறது?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நீ சிரிக்கவில்லை. "மூண்டாம் மாடி, மேப் வைக்கிற அறை. பின்னேரத்திலை ஒருத்தரும் வரமாட்டினம்" என்றாய். அது உனக்கு எப்படித் தெரியும் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் கேளாமல் விட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு சட்டமும் போட்டாய். யாராவது "எவ்விடம்?" என்று கேட்டால் பஸ் இலக்கத்தைத்தான் சொல்ல வேண்டும். கேட்டவர் அன்றைய தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் கழுவ வேண்டும். அந்த வருடம் அதிகம் கோப்பை கழுவியவள் நான். தலைவரும் நிறையக் கழுவினார். அடுத்த ஒக்டோபரில் புதுப் பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி, "நான் 86" என்று தன்னை அறிமுகப்படுத்தியபோது அறையே சிரித்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

உன் ஊரும் எனக்குத் தெரியாது என்பது அப்போது உறைக்கவே இல்லை. முதல் வருடமே உன்னைக் கேட்டிருக்கிறேன். "யாழ்ப்பாணந்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டாய். உன் தம்பி மரண அறிவித்தல் எழுத என்னைக் கூப்பிட்ட அன்றுதான் பேனை நின்றது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்காமல் நம் அறிவித்தல் ஏது? தம்பி என் முகத்தைப் பார்த்தான். "யாழ்ப்பாணம் எண்டு மட்டும் போடுங்கோ அக்கா, அவவுக்கு அதுதான் விருப்பம்" என்றான். போட்டேன்.

நேற்று உன் வீட்டில் அந்த நீல ஜாக்கெட்டுக்காரனைக் கண்டேன். இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சமையல் நடந்துகொண்டிருந்த குசினியின் வாசலில் அவனை மறித்து, அன்று பஸ் தரிப்பில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டான்.

"என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை அக்கா. தன்ரை இடத்தைச் சொன்னா. ஊர், குறிச்சி, கோயிலடி, எல்லாம். 'இனி நீ போய் அந்த அறையிலை சொன்னாலும் சரி, சொல்லாட்டிலும் சரி. நான் அடுத்த கிழமையும் அங்கைதான் இருப்பன், நீயும் வா' எண்டா."

எனக்குப் பற்றி எரிந்தது. பஸ் தரிப்பில் கண்ட பெடியனுக்குச் சொன்னவள் எனக்குச் சொல்லவில்லையே. தெரிந்தால் நான் மாறிவிடுவேன் என்று பயந்தாயா? அல்லது அந்தக் கேள்விக்கு வெளியே ஒருத்தியாவது உன்னோடு இருக்கட்டும் என்று என்னை வைத்திருந்தாயா? அவன் என் முகத்தைப் படித்துவிட்டான். "உங்களுக்குச் சொன்னால் அவ கோவிக்கமாட்டா. சொல்லட்டே?" என்றான்.

நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். நான், விடுப்புக்காரி, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் தம்பி என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து, முன்னறையில் இருந்த ஒரு மாமி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு என் பக்கம் சரிந்தார். அறிவித்தலை வாசித்தவராம்.

"யாழ்ப்பாணம் எண்டு மட்டும் போட்டிருக்கு. இவ ஊரிலை எவ்விடம், பிள்ளை?"

"262, மாமி."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நின்ற நீல ஜாக்கெட் முதலில் சிரித்தான், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் மாமியின் வெறும் கோப்பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, குசினி இருக்கும் பக்கத்தைக் காட்டினேன்.

திரும்பும்போதும் மேல்தட்டில், முன்கண்ணாடி ஓரத்தில்தான் இருந்தேன். நீ எவ்விடம் என்று எனக்கு இன்னும் தெரியாது. அறிய ஆசை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கேள்வி நாக்கு நுனியிலேயே நிற்கிறது. நிற்கட்டும். உன்னைப் பற்றி இனி யார் கேட்டாலும் பஸ் இலக்கத்தைச் சொல்ல நான் இருக்கிறேன்.