எல்லாரும் ஒத்துக்கொண்டால்

மார்ச் 4
பல் மருத்துவமனைக்கு விளம்பரப் படம். டாக்டர் காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தார். சொந்தப் படம் எடுத்த கம்பெனி இது என்று யாரிடம் சொல்ல? ஆபீஸுக்குச் சோறு போடுவது இந்தப் பல்தான்.

மார்ச் 9
கடைசியில் நம் படத்தை ஒருவர் கேட்டுவிட்டார்! இணையத்தில் படம் காட்டும் நிறுவனம். ஒரே ஒரு நிபந்தனை. கடைசிக் காட்சியில் அந்த அம்மா காலி வீட்டைக் கூட்டுகிறாளே, விளக்குமாற்றுச் சத்தம் மட்டும் வருமே, அங்கே ஒரு பாட்டு வேண்டுமாம். இயக்குநர் என்ற முறையில் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் புருஷன் என்ற முறையில் "சரி, போட்டுத் தொலை" என்றார்.

மார்ச் 10
சம்பளத்துக்குப் பதில் படத்தில் பங்கு என்று எல்லாரையும் சேர்த்தபோது, ஒப்பந்தத்தில் ஒரு வரியை நானே எழுதினேன். பங்குள்ள எல்லாரும் ஒத்துக்கொள்ளாமல் படத்தில் எதையும் மாற்றக் கூடாது. அன்று கைதட்டினார்கள். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாத கம்பெனி என்று எவ்வளவு பீற்றிக்கொண்டேன்!
இன்று எல்லாரும் சரி என்றுவிட்டார்கள். ஒலிப்பதிவு செய்த தம்பி மட்டும் போனை எடுக்கவில்லை.

மார்ச் 13
நேரில் போனேன். ஏதோ கூட்டத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தான்.
"அந்தச் சத்தத்துக்காக எத்தனை வீட்டைக் கூட்டினோம், ஞாபகம் இருக்காக்கா?"
இல்லாமலா? விளக்குமாற்றைப் பிடித்ததே நான்தான்.
"பாட்டைப் போட்டா, நான் அந்தப் படத்துல எங்கக்கா இருக்கேன்?"
கெஞ்சினேன். கத்தினேன். அவன் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். அவன் சொல்வது நியாயம்தான் — அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 14
யாரைத் திட்டுறது? அவனையா? அந்த வரிய எழுதின என் கையையா? ஒண்ணுமே பண்ண முடியலையே.

மார்ச் 21
அவர்கள் வேறு படத்தை வாங்கிவிட்டார்களாம்.

மார்ச் 30
ஆபீஸைக் காலி செய்தோம். எடிட்டிங் மேசை மாடிப்படியில் திரும்பவே இல்லை. பார்த்தால் மறுமுனையில் தம்பி. யாரும் கூப்பிடவில்லை. 'வா' என்று சொல்ல வாய் வரவில்லை, 'போ' என்றும் வரவில்லை. கடைசியாக அறையைக் கூட்டினேன். முடியும்வரை அவன் கதவருகே அசையாமல் நின்றான்.

மே 6
அடுத்த படத்துக்கு ஒருவர் முதல் போட வந்திருக்கிறார். "இந்தத் தடவை முடிவு உங்க ஒருத்தர் கையில இருக்கட்டும்மா. இல்லன்னா நான் வரல" என்றார். என் புருஷன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஒப்பந்தத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். வேற என்ன வழி? கம்பெனி பிழைக்கணுமில்ல?

மே 11
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கையெழுத்து. முதல் ஆளாகப் பேனாவை எடுத்தது தம்பிதான்.
"படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றேன்.
"நீங்க எழுதினதுதானேக்கா" என்று சிரித்துக்கொண்டே போட்டான்.
அந்த வரி இதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அடுத்து இவர் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.