மிச்சமிருந்த நான்கு மாத்திரைகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் சுகம், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டைக் கட்டிய கொத்தனாரை விட்டுவிட்டுப் படிக்கு ஒரு திட்டு என்னைத்தான் திட்டுகிறாள். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம், ஆஸ்பத்திரி லேபில் மெழுகில் பதித்த சதையை மெல்லிசாகச் சீவிச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிக் கண் பூத்துவிட்டது. சட்டையை உதறிவிட்டு, மெழுகுவர்த்திக் கடை வெச்சிருக்கீங்களா என்கிறாள் அம்மா.

போன லீவில் நீ வந்திருந்தபோது உன் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தேன், லேபில் எண்ணி எண்ணியே பழகிய புத்தி. நான்கு கூடுதலாக இருந்தது. ஒழுங்கா போட்டா ஏன்மா வயிறு வலிக்குது, நாலு நாள் விட்டிருக்கியே என்று சாப்பிடும்போது கேட்டுவிட்டேன், நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாய். மூன்று மாதமாக அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். அந்த நாலு நாளும் நீ படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடந்தாயாம், அம்மா பத்து நாள் முன்புதான் சொன்னாள். அடுத்த மாதம் புது டாக்டரையும் பார்க்கப் போவதில்லையாமே, எங்கப்பாவே நம்பல, அவங்க எங்க நம்பப் போறாங்க என்றாயாம்.

போன வாரம் உன் வயதுப் பெண் ஒருத்தியின் சினைப்பைக் கட்டி லேபுக்கு வந்தது, உனக்கு இருக்கும் அதே எண்டோமெட்ரியோசிஸ். மாத்திரை போட்டும் வலிக்குமா என்று எங்கள் டாக்டரம்மாவிடம் கேட்டேன், என் மகளுக்காக என்று சொல்லவில்லை. கர்ப்பப்பை உள்சுவர் மாதிரியான திசு வெளியில ஒட்டி வளருதுங்க, அது வளர ஈஸ்ட்ரோஜன்ங்கிற ஹார்மோன் வேணும், உடம்பு தர்றது போக தனக்கு வேண்டியதைத் தானே தயாரிச்சுக்குது, அடக்கி வைக்கணும்னு புரோஜெஸ்டிரோன் மாத்திரை குடுத்தாலும் சிலருக்குச் செவிடன் காதுல ஊதின சங்குதான், ஒண்ணு விடாம முழுங்கினாலும் வலிக்கும் என்றார். முப்பது வருடமாக அந்தத் திசுவை வெட்டிக்கொண்டிருக்கிறேன் மகளே, அது என்ன செய்யும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெற்ற பெண்ணை நம்பாமல் அட்டையை நம்பினேன்.

டாக்டரிடம் கட்டாயம் போ. இந்த மாத்திரை கேட்கவில்லை, வேறு என்ன வழி என்று வாய்விட்டுக் கேள், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பரவாயில்லை, சமாளிக்கிறேன் என்று வலியைக் குறைத்துச் சொல்லாதே, அது நம் வீட்டுக் கெட்ட பழக்கம்.

நீ நோயில்லாமல் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அம்மாவும் நானும் தரும் ஆசி இப்போதைக்கு அவ்வளவுதான். என்னோடு பேச மனம் வரும்போது பேசு. ஆனால் அந்த டாக்டரும் நம்ப மறுத்தால் உடனே எனக்குப் போன் போடு. என் மகள் சொல்வது உண்மை, நம்பாமல் போனது என் தப்பு என்று அவரிடம் நானே சொல்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா