புதுப்பனியில் கால்தடம்

ஒஸ்லோ, மாசி 2003

அன்பின் றெஜினா,

நீரும் மாமியும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். எனக்குக் குறையில்லை.

ஞாயிறன்று, கூட வேலை செய்யும் ஸ்டைனோடு பனிச்சப்பாத்துக் கட்டி மலையேறினேன். இடுப்பளவு புதுப்பனி. "ரெண்டு பேர் பாரம் ஒரு இடத்தில விழுந்தா சரிவு இடிஞ்சு விழும், தள்ளி வா" என்றான். என் கால் கேட்கவில்லை. அவன் தடத்திலேயே மிதித்து ஒட்டிக்கொண்டு போனேன். திடீரெனக் காலடியில் பனி 'தொம்' என்று அமிழ்ந்தது. தலையைப் பொத்திக் குப்புறப் படுத்துவிட்டேன். ஒன்றும் சரியவில்லை. ஸ்டைன் சிரித்தான். நம் ஊர்க் கண்ணிவெடியைப் பற்றிச் சொல்ல எனக்கு அவன் பாஷை போதவில்லை.

வருகிறவர்களிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடும்.

வேலைக்கு நேரமாகிறது. முகமாலையில் நம் வீட்டு வளவைப் பார்க்கப் போகப்போகிறீராம். வெடி எடுத்து முடியும்வரை உள்ளே இறங்காதேயும், றெஜினா. முன்னால் நடந்து தடம் வைக்க நான் அங்கு இல்லை.

தாசன்