மதிலுக்கு அப்புறம் நிற்கும் தெங்கு

அப்பா,

காலையில் மதிலுக்கு அப்புறமிருந்து தெக்கு வீட்டு மாமாவின் குரல்.

“எலே மக்கா, ஒங்கப்பன் பாளை விட்டிருக்காரு. வந்து பாரு.”

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே போய் நின்றேன். பாளை வெடித்து, வெளிறிய மஞ்சளில் பூங்குலை. உங்களை எரித்த இடத்தில் நட்ட தெங்கு. முதல் பாளை. வேர் மாமாவின் மண்ணில். நான் எட்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

கையாலை நினைவிருக்கிறதா என்று கேட்பது அபத்தம். கடைசியில் உங்களுக்கு வேறென்ன நினைவிருந்தது. நமக்கும் மாமா வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். ஒவ்வொரு மழைக்கும் கரையும். மழை விட்டதும் நீங்கள் இந்தப் பக்கம் மண்வெட்டியுடன், அவர் அந்தப் பக்கம். கரைந்ததை அள்ளி அப்புவீர்கள். அப்பும் சாக்கில் அவரவர் ஒரு பிடி தள்ளி அப்புவீர்கள். சுவர் ஒரு வருடம் தெற்கே நகரும், மறு வருடம் வடக்கே. பிறகு பேச்சு நின்றது. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கேஸ். அமரவிளையில் ஒரே பஸ்ஸில் ஏறுவீர்கள். நீங்கள் முன்வாசலில், அவர் பின்வாசலில்.

ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். “தெக்கு ஓரத்துல, கையாலைய ஒட்டியே என்னைய வையி. உள்ள தள்ளாண்டாம்.”

வழக்கம்தானே என்று நினைத்தேன். நம் ஆட்களை வீட்டுக்குத் தெற்கேதான் எரிப்பது, அந்த இடத்தில் தெங்கு நடுவது. நீங்கள் போனது மழைக்காலத்தில். கையாலை முழுக்கக் கரைந்து கிடந்தது. எல்லை என்று நீங்கள் எப்போதும் கைகாட்டும் இடத்தையே நானும் காட்டினேன். தகர ஷீட்டைத் தூக்கிக் கட்டி, அதன்கீழ் சிதை.

மாமா குடையுடன் வந்தார். சிதையைப் பார்த்தார். கரைந்த மண்ணைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார்.

போன கோடையில் ரீசர்வே, நிலங்களை மறுபடி அளந்தார்கள். சர்வேயர் முக்காலியில் கருவியை நிறுத்தி, குனிந்து பார்த்து, கையை நீட்டினார். “இதாணு லைன்.” கம்பி நட்ட இடம் தெங்குக்கு இந்தப் பக்கம். தெங்கு அவர்களுக்கு.

உள்ள தள்ளாண்டாம். அப்போதுதான் புரிந்தது. நீங்கள் படுக்க இடம் கேட்கவில்லை. எல்லைக்கல்லாக நிற்கப் பார்த்திருக்கிறீர்கள், என் கையால். சாவையும் கேஸுக்குக் கொடுத்த மனிதரை எப்படி நினைத்து அழுவது? இப்போதும் தெரியவில்லை.

ஆட்சேபம் எழுதிக் கொடுக்க அவகாசம் இருந்தது; இல்லையென்றால் அந்த லைனை ஏற்றுக் கையெழுத்து. அம்மா கேட்டாள்: “அவர வேற ஆளுக்க பூமியில விட்டுட்டு ஒப்பு போடுவியா?”

மாமாவிடம் போனேன். தெங்கை வெட்டிவிடுவாரோ என்பதே பயம். வராந்தாவில் மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார்.

“ஒங்கப்பன் எனக்க பூமியிலயாக்கும் எரிஞ்சாரு. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“பெறவு ஏன் மாமா சொல்லல்ல?”

“தீ வச்ச பெறவு என்னத்த சொல்ல? எழும்பி நீங்கிக் கெடயும்னா?” சிரித்தார். கத்தியைத் துடைத்தார். “எங்களுக்கு சர்ச்சுல கல்லறை உண்டு. ஒங்களுக்கு இந்த மண்ணு மட்டும்தானே மக்கா. தெங்கு நிக்கட்டு. ஆனா மதிலு லைன்லதான் வரும். அதுல ஒரு வெரக்கட அகலம்கூட விடமாட்டேன்.”

ஒப்புப் போட்டேன். கேஸ் முடிந்தது. கையாலை இருந்த இடத்தில் நெஞ்சளவு மதில், நேராக. அம்மா சாயங்கால விளக்கை அதன்மேல் வைக்கிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை.

இன்று பாளையைப் பார்த்து முடித்தும் வீட்டுக்குள் போகவில்லை. மாமா தெங்கு மூட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்தார். “காய் பிடிச்சா ஒனக்கும் தருவேன், பயப்படாத” என்றார். நானும் சிரித்தேன். ஆனால் கண் அவர் மண்வெட்டியிலேயே இருந்தது. ஒரு கொத்து இந்தப் பக்கமாக வருகிறதா என்று.

கருங்கல் மதில், அப்பா. எந்த மழைக்கும் கரையாது. தெரியும். இருந்தும் அவர் மண்வெட்டியைக் கழுவிச் சாத்தும்வரை அங்கேயே நின்றேன். உங்களைப் போலவே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.