தொண்டை மைக் ஒட்டிய பாஞ்சோ

மச்சான்,

இன்று காலை கடைக்கு வருகிற வழியில், கரையில் ஒரு வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்கில் பூசுவதற்காகக் குங்கிலியம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எண்ணெயோடு சேர்ந்து அது உருகுகிற வாசனை மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். காய்ச்சுகிறவர் நமக்குத் தெரிந்தவர்தான். "என்ன தம்பி, பேயறஞ்ச மாதிரி நிக்கீரு?" என்றார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் பொய் சொல்வதில் தேறிவிட்டவன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது எழுதுவதையெல்லாம் நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்கலாம். உங்களுக்குக் காது கேட்காது என்பது வெறும் சாக்கு. உங்களுக்கு வாசிக்கத் தெரியும்; ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி நீட்டியிருந்தால் போதும். எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாஞ்சோவை நீங்கள் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கியவர் கையில் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கி வந்தீர்கள். அக்கா அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "தப்பு மேளத்துக்குக் காம்பு வச்ச மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு பவுசு?" என்றாள். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், நீளக் கழுத்து, நாலு கம்பி. நீங்கள் ஒரு மாதா பாட்டை வாசித்துக் காட்டினீர்கள். அன்றிலிருந்து சாயங்காலம் உங்கள் வீட்டுப் பக்கம் வருகிறவர்கள் நடையை மெதுவாக்கிக்கொண்டு போவார்கள்.

அப்போது நீங்கள் சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்தீர்கள். கடலுக்குள் போகிறவரின் கயிற்றைப் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. அதனால் மூன்று வருடம் உங்கள் கயிறு என் கையில் இருந்தது. ஆனால் நான் எத்தனை முறை இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டாலும், தண்ணீரில் இறங்குமுன் நீங்கள் அதை ஒருமுறை அவிழ்த்து உங்கள் கையால் போட்டுக்கொள்வீர்கள். எனக்கு முகம் சுண்டிப் போகும். "ஒன் மேல நம்பிக்க இல்லாம இல்லலே. என் கைக்குத் தெரியணும்லா?" என்பீர்கள். எல்லாக் குளிகாரர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

இரண்டாம் வருடம் இடது காதில் ரத்தம் கட்டி ஏறி வந்தீர்கள். அடுத்த வருடம் வலது காது. முதல் நாள் சிரித்தீர்கள். காது உடைந்தவனுக்குத்தான் ஆழத்தில் வலி இல்லை என்று மற்றவர்களும் தோளில் தட்டினார்கள். பிறகு காதில் சீழ் வைத்தது. பெரியாஸ்பத்திரியில் ஏதோ ஊற்றினார்கள். மழை முடிவதற்குள் அக்கா கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காமல் போயிற்று. நான் கயிற்றை விட்டுவிட்டு அண்ணாச்சியின் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் தோணித்துறையில் மூட்டைக்குக் காவல் இருந்தீர்கள்.

பாஞ்சோவை மட்டும் நீங்கள் விடவில்லை. கேட்காத காதோடு தினமும் வாசித்தீர்கள். கம்பியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இறுக்கம் சரியாக இருக்கிறது என்று உங்கள் விரல் சொன்னால் அதுதான் சுருதி. உப்புக்காற்றில் தோல் தளர்ந்துவிடும், கம்பி ஒரு பக்கம் போகும், உங்கள் விரல் இன்னொரு பக்கம் போகும். ஒரு வருடத்தில் கேட்கச் சகிக்காமல் போயிற்று. தெருவில் நடையை மெதுவாக்கியவர்கள் எட்டி நடந்தார்கள். நான் ஒருநாள் உங்களிடம் எழுதிக் காட்டப் போனேன். அக்கா கடுதாசியைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். "அந்த மனுசனுக்கு இருக்கது அது ஒண்ணுதான். ஒங்காது வலிச்சா நீ ஒங்காதப் பொத்திக்க" என்றாள். அதன்பிறகு நாங்கள் மூன்று பேரும், அதாவது அக்காவும் உங்கள் மகளும் நானும், நீங்கள் வாசித்து முடித்ததும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். நான்கு சுவருக்குள் இருந்தவரை அதில் பாவம் ஒன்றுமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

உலகச் சண்டை முடிந்த வருடம் மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஒலிபெருக்கிக் குழாய் கட்டியது நான்தான். நீங்கள் குழாய்க்குக் கீழே போய் நின்றிருக்கிறீர்கள். மறுநாள் கடைக்கே வந்துவிட்டீர்கள். முகம் பளபளவென்று இருந்தது. "ஏலே, நேத்துப் பேசுனவன் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வார்த்த வெளங்கல, ஆனா கேட்டுச்சு. கப்பல் சங்கு கேக்கு, கோயில் மணி கேக்கு. அப்பம் காது சாகல. சத்தம் பத்தல, அவ்வளவுதான். என் பாஞ்சோவ அந்தக் குழாய்க்குள்ள விடு." மகளின் கல்யாணத்தில் வாசிக்கப் போவதாகவும், அதை உங்கள் காதாலேயே கேட்கப் போவதாகவும் சொன்னீர்கள். கைகாட்டி, தலையாட்டி, முடியாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பிடித்த பிடியை விடவில்லை நீங்கள்.

நான் மறுத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியாது. குழாய் வேலை செய்யாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் கேட்காது, மனம் உடைந்துவிடும். வேலை செய்துவிட்டால் ஊருக்கே கேட்கும். இரண்டில் எது கெட்டது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் வேலையில் இறங்கிவிட்டேன். மேடை மைக்கைப் பாஞ்சோவின் முன்னால் வைத்தால் பக்கத்தில் இருக்கிற குழாயின் சத்தமும் அதிலேயே புகுந்து ஊளையிடும். உங்களுக்கோ குழாய் காதருகில் இருக்க வேண்டும். பட்டாளத்துக் கழிவுச் சாமான் விற்கிறவரிடம் ஒன்று கிடைத்தது. விமானம் ஓட்டுகிறவர்கள் தொண்டையில் கட்டிக்கொள்கிற மைக். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியது. விலை எட்டணா. காற்றில் வருகிற சத்தத்தை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஒட்டியிருக்கிற இடம் நடுங்குவதைத்தான் எடுத்துக்கொள்ளும். அதைப் பாஞ்சோவின் தோலில் ஒட்டிவிட்டால் போதும். எதை வைத்து ஒட்டுவது என்று நான் யோசித்தபோது நீங்கள் சிரித்தீர்கள். "வள்ளத்தையே ஒட்ட வச்சிருக்க சாமான் இருக்கும்போது என்னலே யோசன?" என்று குங்கிலியம் காய்ச்சிக் கொண்டுவந்து, விளிம்போரமாகத் தோலில் ஒரு சொட்டு வைத்து, நீங்களே மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அது ஆறும் வரை உங்கள் கை ஆடவில்லை.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து எல்லாரும் பந்தலுக்கு வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். அண்ணாச்சியின் ஆர்மோனியத்தை அழுத்தி வைத்து, நாலு கம்பியையும் அதற்குச் சரியாக முறுக்கி வைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பாஞ்சோ ஒழுங்காகப் பேசியது. இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டேன். உங்களை எனக்குத் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தேன் பாருங்கள்.

சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார், பெரியதாழைக்காரர்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழாயைத் தாழ இறக்கி, அதன் வாய்க்குப் பக்கத்தில் உங்கள் நாற்காலியைப் போட்டிருந்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்து பாஞ்சோவை மடியில் வைத்தீர்கள். கட்டைவிரலால் முதல் கம்பியை அழுத்திப் பார்த்தீர்கள். புருவம் சுருங்கியது. நான் ஆம்பிளிபயர் பக்கத்திலிருந்து எழுந்து வருவதற்குள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எல்லா முறுக்காணியையும் உங்கள் கைக்குத் தெரிந்தபடி திருப்பி முடித்துவிட்டீர்கள். என்னைப் பார்த்துத் தலையசைத்தீர்கள், கடலில் இறங்கத் தயார் என்று வள்ளத்தில் சொல்வீர்களே, அதே தலையசைப்பு. ஆம்பிளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது; நான் மைக் விசையைத் தட்டினேன். வேறு என்ன செய்ய?

மாதா பாட்டுத்தான். ஆனால் குழாயில் வந்ததை யாரும் பாட்டென்று சொல்ல முடியாது. தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடுவது போல மூன்று தெருவுக்குக் கேட்டது. பந்தல் முதலில் அடங்கியது. பிறகு மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஒருவர், "ஏலே, கோளாறு மைக்குலயா, ஆளுலயா?" என்றார். சிரிப்பு எழுந்து வரிசை வரிசையாகப் பரவியது. உங்கள் மகள் முக்காட்டை இழுத்துக்கொண்டு தலை குனிந்தாள். அக்கா பந்திப் பக்கம் கையில் வாளியோடு நின்று என்னையே பார்த்தாள். நிறுத்து என்றும் சொல்லவில்லை, நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை.

நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். வலது காது குழாயின் வாய்க்குள் போகிற மாதிரி சாய்ந்திருந்தீர்கள். முதல் அடி முடியும்போது உங்கள் வாய் திறந்தது. "கேக்குதுலே" என்றீர்கள். எவ்வளவு சத்தமாகச் சொன்னீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. "ஏலே, கேக்குது. எனக்குக் கேக்குது." மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உங்களுக்காகக் கூசியது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லி வந்தேன். பொய். பெரியதாழைக்காரர்கள் என்னையும் சேர்த்துத்தான் சிரித்தார்கள். அதைத் தாங்க முடியாமல் மைக் விசையைக் கீழே தள்ளினேன்.

உங்கள் விரல் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. கண்ணைத் திறந்து குழாயைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னை. ஆம்பிளிபயருக்குள் இருக்கிற வால்வு போய்விட்டது என்று வாயசைத்துக் காட்டினேன். பரவாயில்லை என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து போய் விருந்தாளிகளுக்குச் சுருட்டு நீட்டினீர்கள்.

அதன்பின் நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான். "வால்வு வந்துட்டாலே?" மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்று வாயசைப்பேன். மைக்கைப் பிய்த்து எடுத்துவிடலாம் என்று அக்கா கை வைத்தபோது, "ஏளா, அதத் தொடாத, வால்வு வந்ததும் வேணும்" என்று தடுத்தீர்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தப் பொத்தான் தோலில் ஒட்டியபடியே இருந்தது. இடையில் எத்தனையோ நாள் அண்ணாச்சியின் ஆம்பிளிபயர் சும்மா கிடந்தது. ஒருநாள் மாப்பிள்ளையூரணிக்கு அப்பால், ஆளில்லாத உப்பளத்து ஓரமாக அதையும் பாட்டரியையும் தூக்கிக்கொண்டுபோய் உங்களை உட்கார வைத்திருக்கலாம். யாரும் சிரிக்க இருந்திருக்க மாட்டார்கள். எனக்கு அது தோன்றியது நீங்கள் போய் ஒரு மாதம் கழித்து.

நெஞ்சுச்சளியில் நீங்கள் படுத்தபோது ஒரு மத்தியானம் உங்கள் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "ஏலே, வால்வு போனா அந்தச் செவப்பு வெளக்கும் அணையும்லா?"

நான் கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

"அன்னைக்கு அது எரிஞ்சிட்டுத்தான் இருந்துச்சு."

வால்வு போனாலும் விளக்கு எரியும், மச்சான். அது உண்மை, எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான். அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து என் வாய் அடைத்துப்போயிற்று. நீங்கள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"ரொம்ப மோசமாவாலே இருந்துச்சு?"

இல்லை என்று தலையாட்டினேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். "எனக்கு நல்லாத்தாம்லே இருந்துச்சு" என்றீர்கள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

நல்லாத்தான் இருந்தது என்று நீங்கள் சொன்ன அந்தப் பாட்டில் ஒரு அடியும் இரண்டாவதில் பாதியும்தான் உங்கள் காதில் விழுந்தது. இன்னும் மூன்றரை அடி பாக்கி இருந்தது. சிரித்தவர்கள் சிரித்துவிட்டு வெற்றிலையைத் துப்பிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். உங்களுக்கு அந்த மூன்றரை அடியும் கேட்டிருக்கும். விசையைத் தள்ளியது இந்த வலது கை. இதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன், கோயிலில் சிலுவை போடுகிறேன், ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் குழாய் கட்டுகிறேன், இதையும் எழுதுகிறேன்.